ஆரம்பப் பாடசாலையில் சித்திரமும் கைவேலையும்

புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் கரித்துண்டால் மாடு எழுதிய பிள்ளை, அன்று மாலை தகப்பனாரிடம் அடிபடாமல் தப்புவது அரிது. சுவர் கெட்டது உண்மைதான். ஆனால் அம்மாட்டுக்குக் கொம்பும் திமிலும் கழுத்து மணியும் இருந்தனவா என்று நின்று பார்த்த தகப்பனார் எத்தனை பேர்? சந்தையில் காளை பிடிக்கும்போது அதன் சுழியையும் நடையையும் கண்ணாலேயே எடைபோடும் குடியானவர், தம் பிள்ளை அதே கண்ணைக் கொண்டு மாட்டைப் பார்த்திருப்பதை மட்டும் வீண்வேலை என்று கருதிவிடுகிறார். நாற்றின் பச்சை மங்குவதைக் கண்டு பயிரின் குறையை அறிவதும், தறியில் நூலின் முறுக்கை விரலால் உணர்வதும், பார்வையும் கையும் சேர்ந்து பழகிய பழக்கத்தின் பலனேயாகும். அப்பழக்கத்தைப் பிள்ளைப் பிராயத்தில் உண்டாக்குவதற்குப் பாடசாலையில் உள்ள வழிகளுள் சித்திரமும் கைவேலையும் முக்கியமானவை.

ஆயினும் கிராமத்து ஆரம்பப் பாடசாலையில் இவற்றுக்கெனத் தனி உபாத்தியாயர் இருப்பது அபூர்வம். 2009-ஆம் வருஷத்துக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளில் பிள்ளைகள் 100 பேருக்கு மேற்பட்டால் சித்திரக் கல்விக்குப் பகுதிநேரப் போதகர் வேண்டுமென்று விதித்தது. 1 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கு அவ்வாறு ஒருவரையும் அது குறிப்பிடவில்லை. ஆதலால் கணக்கும் தமிழும் கற்பிக்கும் உபாத்தியாயரே இதையும் பார்க்கவேண்டியிருக்கிறது. அவருக்குத் துணையாக நிற்கக்கூடியவர்கள் ஊரிலுள்ள குயவரும், முடைபவரும், கோலமிடும் தாய்மாரும், சிறு பணவுதவி செய்யக்கூடிய கூட்டுறவுச் சங்கமுமே. சங்கத்தின் அங்கத்தினர்கள் இவ்விஷயத்தை அறிந்துகொள்ளவேண்டியதன் காரணம் இதுதான்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கவேண்டும். சித்திரம் என்பது பெரியவர் எழுதிய படத்தைப் பார்த்துப் பிசகாமல் எழுதுவது என்று பலர் எண்ணுகின்றனர். வியன்னா நகரத்தில் பிரான்ஸ் சீஷெக் என்பவர் 1897-இல் சிறுவர்களுக்கென ஒரு சித்திர வகுப்பைத் தொடங்கி, மாதிரிப் படத்தைக் கொடாமல் அவர்கள் மனத்திலுள்ளதை எழுதவிட்டார். அவர் காலத்துப் பள்ளிக்கூடங்கள் அதைக் கண்டு வியந்தன. பின்பு 1947-இல் விக்டர் லோவன்பெல்ட் என்ற அறிஞர், பிள்ளைகளின் சித்திரம் வயதுக்கு வயது ஒரு படிமுறையாக வளருகிறது என்று விரிவான நூல் எழுதினார். நம் தேசத்தில் சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தில் பயின்ற தேவி பிரசாத், 1944-இல் சேவாகிராமத்துக்குச் சென்று, ஆதாரக் கல்விப் பாடசாலையில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு மண்வேலையும் சித்திரமும் பல வருஷங்கள் கற்பித்தார். இடமும் மொழியும் வேறாயினும், பிள்ளை பெரியவரின் சிறிய பதிப்பு அன்று என்பதில் இவர்கள் ஒத்த கருத்துடையவர்கள். ஐந்து வயதுப் பிள்ளையின் படம் பத்து வயதுப் பிள்ளையின் படத்தினுடைய குறைப்பிரதியன்று. அது தன்னளவில் முழுமையானது.

இதை மறந்து, ஐந்தாம் வகுப்பு வேலையை முதல் வகுப்பில் சுமத்துவதும், முதல் வகுப்புக்குரிய விளையாட்டை ஐந்தாம் வகுப்பில் நீட்டுவதும் கெடுதலை உண்டாக்குகின்றன. ஒன்பது அல்லது பத்து வயதில் "எனக்கு வரைய வராது" என்று சொல்லிக் கையை மடக்கிக்கொள்ளும் பிள்ளைகளை எந்த ஊரிலும் காணலாம். ஐந்து வயதில் ஒருவரும் அப்படிச் சொல்வதில்லை. இடையிலுள்ள நாலு வருஷத்தில் அச்சொல்லைப் பிள்ளைக்குக் கற்பித்தவர்கள் பெரியவர்களே.

முதல் வகுப்புப் பிள்ளைக்குப் பென்சிலும் சிறு காகிதமும் ஏற்றவையல்ல. விரலின் சிறு தசைகள் இன்னும் பழகவில்லை. தோளும் முழங்கையும் சேர்ந்தே அசைகின்றன. ஆகையால் முற்றத்து மணலில் விரலாலும், சாணம் மெழுகிய தரையில் சுண்ணக்கட்டியாலும் பெரிது பெரிதாக எழுதச் செய்யவேண்டும். அப்பிராயத்தில் மனிதனுக்குத் தலை பெரிதாகவும் உடம்பு சிறிதாகவும் அமையும். சில சமயம் தலையிலிருந்தே கால் முளைத்திருக்கும். மரம் சிவப்பாகவும் நாய் நீலமாகவும் இருக்கலாம். திருத்தவேண்டியது ஒன்றுமில்லை. "இது யார்?" என்று கேட்டு, பிள்ளை சொல்லும் கதையைக் கேட்பதே உபாத்தியாயர் செய்யவேண்டிய வேலை.

முதல் வகுப்புக்கு எல்லாவற்றிலும் சிறந்தது களிமண். இது விலையில்லாப் பொருளாதலால் அலட்சியமாகக் கொண்டுவந்து கொட்டிவிடுகிறார்கள்; பிறகு வெடித்துப்போகிறது, ஒட்டவில்லை என்று குறைசொல்கிறார்கள். மண்ணைப் பதப்படுத்துவது ஒரு வித்தை. குளத்து மண்ணைக் காயவைத்து உடைத்து, கல்லும் வேரும் பொறுக்கி, தொட்டியில் நீரூற்றிச் சில நாள் ஊறவிடவேண்டும். மேலே தெளிந்த நீரை இறுத்துவிட்டு, சேற்றைச் சாக்கின்மேல் பரப்பி, கையில் ஒட்டாத பதம் வந்தவுடன் நன்றாக மிதித்துப் பிசையவேண்டும். மண் மிகவும் பசையுள்ளதாயின் காயும்போது சுருங்கி வெடிக்கும். அதற்குச் சலித்த நுண்மணல் சிறிது கலப்பது வழக்கம். பதம் சரியா என்று அறிய, விரல் பருமனில் திரித்து வளைத்துப் பார்க்கலாம். முறியாமல் வளைந்தால் வேலைக்கு ஆகும். பிசைந்த மண்ணை ஈரச் சாக்கின்கீழ் மூடிவைத்தால் பல நாள் கெடாது. பிள்ளைக்கு ஓர் ஆரஞ்சுப் பழ அளவு போதும். அதை உருட்டி, திரித்து, தட்டி, கிள்ளிப் பார்ப்பதே முதல் சில வாரத்துப் பாடம். உருண்டை லட்டு ஆகும், திரி பாம்பாகும், தட்டு தோசையாகும். பின்பு யாரும் சொல்லிக்கொடாமலே நாலு திரியைக் காலாக வைத்து மாடு பிறக்கும்.

காலையும் வாலையும் வெறுமனே ஒட்டினால் காய்ந்தபின் விழுந்துவிடும். ஒட்டும் இரண்டு இடங்களையும் குச்சியால் கீறி, மண்குழம்பு தடவி அழுத்தவேண்டும். வெயிலில் காயவைத்தல் கூடாது. நிழலில் மெள்ளக் காயவேண்டும். சூளையில் சுடுவதாயின், கட்டைவிரல் பருமனுக்கு மேல் கனமான இடம் இராதபடி உட்புறம் குடைந்திருக்கவேண்டும். உள்ளே ஈரமிருந்தால் நெருப்பில் ஆவியாகி உடைந்துவிடும், அருகிலுள்ள குயவரின் பாண்டத்தையும் உடைத்துவிடும். முதல் வகுப்பு வேலையைச் சுடவேண்டிய அவசியமே இல்லை. சனிக்கிழமை எல்லாவற்றையும் மறுபடி தொட்டியில் போட்டு ஊறவைத்தால் அடுத்த வாரத்துக்கு அதே மண் கிடைக்கும். தான் செய்த மாடு கரைவதைக் கண்டு அழும் பிள்ளை ஒன்றிரண்டு இருக்கும். அவற்றை மட்டும் எடுத்து வைத்துவிடலாம்.

இரண்டாம் வகுப்பில் அச்சுப் பதித்தலைக் கொள்ளலாம். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டிச் சாயத்தில் தோய்த்து ஒற்றினால் பூப்போன்ற அச்சு விழும்; வாழை மட்டையின் வெட்டுமுகத்தில் சிறு சிறு அறைகள் தெரியும். இலையைத் தாளின்கீழ் வைத்துக் கரியால் தேய்த்தால் நரம்பெல்லாம் எழும். ஒன்று விட்டு ஒன்று, சிவப்பு பின்பு மஞ்சள் என்று வரிசை மாறாமல் பதிப்பதில் பிள்ளை கணக்கின் முதற்படியையும் அறிந்துகொள்கிறது. விதை ஒட்டிப் படம் செய்வதும் உண்டு. ஆனால் குன்றிமணியும் ஆமணக்கு விதையும் கடித்து விழுங்கினால் உயிருக்கே அபாயமானவையாதலால் பாடசாலைக்குள் வரக்கூடாது. புளியங்கொட்டையும் அவரை விதையும் போதும். அவற்றையும் மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஏறக்குறைய எட்டு வயது. தாளின் அடியில் ஒரு கோடு இழுத்து அதைத் தரையாக்கி, அதன்மேல் வீடு, மரம், ஆடு, அம்மா எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தும் பருவம் இது. கண்டதைக் காட்டிலும் அறிந்ததையே எழுதும். பெரியவர்கள் மிகவும் தவறாக நடந்துகொள்வதும் இப்பருவத்துப் பிள்ளைகளிடமே.

ஒரு சிற்றூரில் சங்கத்தின் வருஷாந்தர விழாவை ஒட்டிப் பாடசாலைப் பிள்ளைகளின் சித்திரங்களைக் கட்டடத்துத் திண்ணையில் தொங்கவிட்டிருந்தார்கள். பரிசு கொடுக்கும் பொறுப்பு பஞ்சாயத்தாருடையது. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுதிய அம்மன் படம் எல்லார் கண்ணையும் கவர்ந்து முதற்பரிசு பெற்றது. அது நாட்காட்டிப் படத்தின்மேல் எண்ணெய் தடவிய தாளை வைத்து எடுத்த பிரதி என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் படம் ஓரத்தில் தொங்கியது. கூரையும் வெளிவாசலும் தெரிந்ததோடு, சுவரே இல்லாததுபோல் உள்ளே தொட்டிலும் தெரிந்தது. பஞ்சாயத்தாரில் முதியவர் ஒருவர் சிரித்துக்கொண்டு, "டீச்சரம்மா, இந்தப் பிள்ளைக்குச் சுவர் எழுதச் சொல்லிக் கொடுக்கக்கூடாதா?" என்றார்.

"பிள்ளையையே கேட்டுப் பாருங்கள், ஐயா" என்றார் ஆசிரியை.

"ஏம்மா, சுவர் எங்கே?"

"சுவரைப் போட்டால் தம்பி மறைந்துபோவானே, தாத்தா. அவன் உள்ளே தூங்குகிறான்."

முதியவர் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. முதற்பரிசு ஏற்கெனவே அறிவிக்கப்பட்டுவிட்டது. அதை மாற்ற இயலவில்லை. மறுவருஷம் பஞ்சாயத்தார் சித்திரத்துக்குப் பரிசு வைப்பதையே நிறுத்தி, அப்பணத்துக்குக் காகிதமும் வேலம்பிசினும் வாங்கிக்கொடுத்தார்கள். பரிசு இல்லாததால் வேலை குறைந்துபோகவில்லை. பிரதியெடுப்பது மட்டும் குறைந்தது.

உள்ளும் வெளியும் ஒருங்கே தெரியும்படி எழுதுவது இவ்வயதுப் பிள்ளைகளின் பொதுவான வழக்கம் என்று பிரெஞ்சு அறிஞர் லுகே சிறுவர் சித்திரங்களை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஆகவே மூன்றாம் வகுப்புக்கு வேலை கொடுக்கும்போது, "ஒரு வீடு எழுது" என்பதைவிட, "நெல் அடிக்கும் நாளில் களத்தில் யார் யார் என்ன செய்தார்கள்?", "மழையில் பள்ளிக்கு வந்தபோது என்ன நடந்தது?" என்று கேட்பதே பயன் தரும். தான் இருந்த நிகழ்ச்சியாயின் பிள்ளைக்கு எழுதவேண்டியது நிறைய இருக்கும். கன்று ஈனுவது, பாட்டி முறுக்குச் சுற்றுவது, பேருந்தில் இடம் பிடிப்பது என்று விஷயத்துக்குக் குறைவில்லை.

நான்காம் வகுப்பே ஆபத்தான வாசல். இதுவரை தன் படத்தைப் பார்த்து மகிழ்ந்த பிள்ளை, இப்பொழுது அதை அசல் பொருளோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்குகிறது. அடுத்த பையனின் படத்தோடும் ஒப்பிடுகிறது. குதிரை நாயைப்போல் இருப்பது தனக்கே தெரிகிறது. அழித்து அழித்துத் தாள் கிழிகிறது. இந்நிலையில் சும்மா புகழ்வது பயனில்லை. பிள்ளை அதை நம்பாது. முறை தவறாமல் செய்தால் நிச்சயமாக நன்றாக வரும் வேலையைக் கொடுக்கவேண்டும். அதற்குக் கோலத்துக்கும் ஓலைக்கும் இணையானது வேறில்லை.

கோலத்தைப் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் உரியதென்று ஒதுக்குவது சரியன்று. நேர்ப்புள்ளியில் ஐந்து வைத்து, இருபுறமும் மூன்று, ஒன்று என்று குறைத்தால் மொத்தம் 13 புள்ளி. ஊடுபுள்ளியில் ஐந்து வைத்து, மேலும் கீழும் நாலு, மூன்று என்று குறைத்தால் 19 புள்ளி. ஏழில் தொடங்கி நாலு வரை ஊடுபுள்ளியாகக் குறைத்தால் எத்தனை என்று பிள்ளைகளையே கேட்டால், முதலில் எண்ணுவார்கள். பிறகு நடுவரிசையை விட்டு மேற்பாதியை இரட்டித்து 37 என்று சொல்லக் கற்பார்கள். கணக்கு வகுப்பில் கொட்டாவி விடும் பையன்கள் இதில் முந்திக்கொள்வதுண்டு. சிக்குக் கோலத்தில் கம்பி ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி, முறியாமல், புறப்பட்ட இடத்துக்கே திரும்பவேண்டும். ஓரிடத்தில் தவறினால் உபாத்தியாயர் சொல்லவேண்டியதில்லை, கோலமே காட்டிக்கொடுத்துவிடும். ஊரில் நன்றாகக் கோலமிடும் தாய்மார் ஒருவரை மாதம் ஒருநாள் பாடசாலைக்கு அழைப்பதைவிடச் சிறந்த போதனை இல்லை. அவர் கையெழுத்துப் போடத் தெரியாதவராக இருந்தாலும், அன்று அவர்தாம் உபாத்தியாயர். அவருக்கு நாற்காலி போடவேண்டும்.

பனையோலை கிடைக்கும் ஊர்களில் குருத்தோலையைக் காயவைத்து, வேலைக்குமுன் நீர் தெளித்து இளக்கி, ஒரே அகலமாகக் கிழித்து, கிலுகிலுப்பையும் சிறு பெட்டியும் முடையலாம். பனை இல்லாத இடத்தில் தென்னங்கீற்று உண்டு. அதுவும் இல்லையானால் பழைய செய்தித்தாளை ஊறவைத்து, ஊறிய வெந்தயத்தோடு சேர்த்து அரைத்து, கவிழ்த்த பானையின்மேல் அப்பிக் காயவைத்துக் கூடை செய்யும் பழைய வீட்டுமுறை இருக்கிறது. கூடை வீட்டுக்குப் போய், தாயார் அதில் வெங்காயம் போட்டு வைத்தால், பிள்ளைக்கு அதைவிடப் பெரிய பரிசு கிடையாது.

ஐந்தாம் வகுப்புக்குக் கூட்டுவேலை ஏற்றது. ஐந்தாறு பிள்ளைகள் சேர்ந்து தம் ஊரின் படத்தைப் பெரிய தாளிலோ சுவரிலோ எழுதுவது இதில் தலையாயது. முதலில் தெருத்தெருவாக நடந்து காலடியால் அளந்து வரவேண்டும், திசை குறிக்கவேண்டும், ஏரி, மதகு, வாய்க்கால், கோயில், சங்கத்துக் கிடங்கு, பால் ஊற்றுமிடம் எல்லாம் எங்கெங்கே என்று வாதாடி முடிவுசெய்யவேண்டும். ஒருவன் அளப்பவன், ஒருத்தி எழுதுபவள், ஒருவன் வர்ணம் தீட்டுபவன் என்று வேலை பிரியும். தாளுக்கும் சாயத்துக்கும் ஆன செலவைக் கணக்கெழுத ஒரு காரியதரிசியும் வேண்டும். கூட்டுறவு என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதி விளக்குவதைக் காட்டிலும் இது தெளிவாகப் புரியும். படம் முடிந்தவுடன் பஞ்சாயத்தார் ஒருமுறை பார்ப்பது நல்லது. பிள்ளைகள் தாங்கள் நடக்கும் வழிகளையே முதலில் எழுதுவார்கள்: கைப்பிடிச் சுவரில்லாத கிணறு, மழைக்காலத்தில் முழங்கால் நீர் நிற்கும் சந்து, நாய்க்குப் பயந்து சுற்றிப்போகும் மூலை. பெரியவர்களுக்குப் பழகிப்போனதால் கண்ணில் படாத குறைகள் அதில் இருக்கும். ஊரின் எல்லாத் தெருக்களும் படத்தில் வந்தனவா என்பதையும் உபாத்தியாயர் கவனிக்கவேண்டும். ஒரு தெருவுக்குப் பிள்ளைகள் போனதேயில்லை என்று தெரிந்தால், வகுப்பு முழுவதையும் அழைத்துக்கொண்டு அத்தெருவுக்குச் சென்று அளந்து வருவதே அதற்குப் பரிகாரம்.

வர்ணங்களைப் பற்றிச் சில வார்த்தைகள். 1938-இல் ஹரிபுராவில் நடந்த காங்கிரஸ் மகாசபைக்காக நந்தலால் போஸ், உழவர், தச்சர், நூற்பவர், பறையடிப்பவர் ஆகியோரைச் சாதாரண மண்சாயங்களாலேயே படங்களாகத் தீட்டினார். ஆகையால் மண்சாயம் ஏழைச் சாயம் என்று எண்ணவேண்டியதில்லை. காவிக்கல்லை இழைத்தால் செந்நிறம், விளக்குப் புகைக்கரியால் கறுப்பு, வெள்ளைச் சுண்ணக்கட்டிப் பொடியால் வெண்மை, மஞ்சள் கிழங்கால் மஞ்சள், அவுரியால் நீலம் உண்டாகும். மஞ்சள் கிழங்கின் நிறம் வெயிலில் வெளுத்துவிடும். இலைச்சாற்றுப் பச்சையும் நில்லாது. தாளில் பற்றுவதற்கு வேலம்பிசினை நீரில் கரைத்துச் சேர்க்கலாம், அல்லது புளியங்கொட்டைப் பசையைக் காய்ச்சிக்கொள்ளலாம். பசை இரண்டொரு நாளில் புளித்து நாறும். அன்றன்றைக்கு வேண்டியதையே காய்ச்சவேண்டும். வேப்பங்குச்சியின் முனையை நசுக்கினால் தூரிகையாகும். நீர்த்த சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. சிறுபிள்ளைகள் கையில் அதைக் கொடுத்தல் ஆகாது. அரிதாரம், சாதிலிங்கம், ஈயச் செந்தூரம், மயில்துத்தம் ஆகியவை நிறத்தில் அழகானவையாயினும் விஷமாதலால் பாடசாலையில் அறவே விலக்கவேண்டும். கடையில் வாங்கும் சாயத்திலும் உள்ளிருக்கும் பொருள் இன்னதென்று எழுதாத பொட்டலத்தை வாங்காமலிருப்பதே மேல்.

இனிச் சங்கத்தின் பங்கு. லாபத்தில் ஒரு பகுதியைப் பொதுக் காரியத்துக்குச் செலவிடும் வழக்கம் கூட்டுறவுக்குப் புதிதன்று. 1912-ஆம் வருஷத்து இந்தியக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு, நிகர லாபத்தில் நாலில் ஒரு பங்கைச் சேமநிதிக்குச் சேர்த்தபின், எஞ்சியதில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாத தொகையைப் பதிவாளரின் அனுமதியின்மேல் தருமத்துக்குக் கொடுக்க இடமளித்தது. கல்வியும் அத்தருமத்துள் அடங்கியது. உதாரணமாக நிகர லாபம் ரூ. 4,000 ஆயின், சேமநிதிக்கு ரூ. 1,000 போக நின்றது ரூ. 3,000, அதில் ரூ. 300 வரை கொடுக்கலாம் என்பது அக்கணக்கு. அதன்பின் 1932, 1961, 1983-ஆம் வருஷங்களில் வேறு சட்டங்கள் வந்தன. ஆதலால் ஒவ்வொரு சங்கமும் தன் துணைவிதிகளில் பொதுநல நிதிக்கு எவ்வளவு இடமிருக்கிறதென்று பார்த்து, பொதுச்சபையில் தீர்மானம் செய்து, ரசீதுடன் செலவிடவேண்டும். பணமாகக் கொடுப்பதைவிடப் பொருளாகக் கொடுத்தல் நலம்: ஒருபுறம் அச்சடித்த பழைய காகிதம், பிசின், சாக்கு, மண் ஊறவைக்க இரண்டு தொட்டிகள். சங்கத்து அலுவலகத்திலேயே வருஷந்தோறும் ஒருபுறம் எழுதிய காகிதம் கட்டுக்கட்டாகச் சேர்கிறது. அங்கத்தினரின் பெயரும் கடன் தொகையும் உள்ள தாள்களை மட்டும் நீக்கிவிட்டு, மற்றவற்றைப் பாடசாலைக்கு அனுப்பலாம்.

களிமண்ணுக்கு ஏற்ற காலம் குளம் வற்றியிருக்கும் சித்திரை மாதம். அதிகாரிகளின் அனுமதி பெற்று ஒரு வண்டி மண் அப்பொழுதே அடித்து, பாடசாலையின் பின்புறத்தில் நிழலான இடத்தில் கொட்டவேண்டும். விடுமுறை முடிவதற்குப் பத்து நாள் முன்னதாக அங்கத்தினரில் இருவர் அதை உடைத்துச் சலித்துத் தொட்டியில் நனைத்துவைத்தால், ஜூன் மாதத்தில் பாடசாலை திறக்கும் காலையில், முதன்முதலாக வந்து உட்காரும் பிள்ளைகளுக்கு வேண்டிய மண் ஈரச் சாக்கின்கீழ் பதமாக இருக்கும்.